பழைய மாளிகை: இடிப்பதா, காப்பதா?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பது நம் முன்னோர் மொழி. வீட்டை இடித்துப் பார் என்று அவர்கள் சொல்லவில்லை. அது அத்தனை எளிது என்பதாலோ, என்னவோ! இடிப்பது எளிதுதான், ஆனால், இடிப்பதா காப்பதா என்று முடிவு செய்வது எளிதன்று. ஐதராபாத் நகரத்து இரு கட்டடங்களின் கதை இதனை நன்கு விளக்கும்.

அந்நகரின் பஞ்சகுட்டாப் பகுதியில் ஒரு குன்றின்மேல் நிற்பது இரம் மன்ஸில். நிஜாம் அரசில் உயர் பதவி வகித்த நவாப் பக்ருல் முல்க், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய பாணியில் எழுப்பிய மாளிகை அது. 'இரம்' என்பது அரபுக் கதைகளில் வரும் எழில்மிகு நகரின் பெயர். தெலுங்கிலோ 'எர்ர' என்றால் சிவப்பு. செம்மண் குன்றுக்கு இரு மொழியிலும் பொருந்தும் பெயர்! பிற்காலத்தில் மாளிகை அரசின் கைக்கு வந்தது. நவாபின் விருந்தினர் உலவிய கூடங்களில் பொறியியல் துறையினரின் கோப்புகள் குடியேறின.

2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தெலங்கானா அரசு இம்மாளிகையை அகற்றிவிட்டு, அவ்விடத்தில் புதிய சட்டமன்றக் கட்டடம் எழுப்ப முடிவு செய்து அடிக்கல்லும் நாட்டியது. புதிய மாநிலத்துக்கு விசாலமான சட்டமன்றம் வேண்டும் என்னும் விருப்பத்தைக் குறை கூற இயலாது. ஆயினும், குடிமக்கள் சிலர் உயர்நீதிமன்றத்தை அணுகினர். சட்டம் வகுத்த முறைப்படி உரிய அனுமதி பெறாமல் எடுத்த முடிவு செல்லாது என்று 2019 செப்டம்பர் 16ஆம் நாள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாளிகை தப்பியது.

இதைக் கேட்டு, பழையன யாவும் காக்கத் தக்கனவே என்று நாம் முடிவு கட்டிவிடலாமா? மூசி நதிக்கரைக்கு வருவோம். வின்சென்ட் எஷ் என்னும் கட்டடக்கலைஞர் வரைந்து, 1925ஆம் ஆண்டில் நிறைவுற்ற உஸ்மானியா மருத்துவமனை அங்கே குவிமாடங்களுடன் நிற்கிறது. 2015ஆம் ஆண்டில் அதனை இடிக்கும் பேச்சு எழுந்தது, எதிர்ப்பும் எழுந்தது. பாரம்பரியக் கட்டட வல்லுநர்கள் பழுதுபார்த்துக் காக்கலாம் என்றனர். வாதம் நீண்டது. 2020 ஜூலையில் பெருமழை நீர் நோயாளிகளின் கூடங்களுக்குள் புகுந்தது. பழைய கட்டடம் மூடப்பட்டது. கட்டில்மீது கிடக்கும் ஏழைக்குக் குவிமாடத்தின் அழகு என்ன ஆறுதல் தரும்? அவன் தலைமேல் காரை பெயர்ந்து விழாதிருக்க வேண்டும் என்பதன்றோ முதல் நியாயம்! இறுதியில், 2025 ஜனவரியில், கோஷாமகால் என்னுமிடத்தில் புதிய மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நோயாளிக்கு வேறிடம் என்னும் அந்த எளிய வழியைக் காணப் பத்தாண்டுகள் கழிந்தன.

இவ்விரு கதைகளிலிருந்தும் மூன்று கேள்விகள் பிறக்கின்றன. முதலாவது: கட்டடத்தின் நோய் என்ன? கூரை ஒழுக்கும், சுவரில் வேரூன்றிய அரசங்கன்றும் தீர்க்கக் கூடிய நோய்களே. சுண்ணாம்புக் காரையால் கட்டிய சுவர்மீது சிமென்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும். அது முதுமையன்று, தவறான மருத்துவம். இரண்டாவது: இடிக்கச் சொல்வது கட்டடத்தின் தளர்ச்சியா, அது நிற்கும் நிலத்தின் விலையா? நிலமே காரணமெனில், வேறு நிலம் தேடலாம். மூன்றாவது: காத்தபின் அதில் யார் வாழப் போகிறார்? கோட்டியில் கிர்க்பாட்ரிக் என்னும் ஆங்கிலேயர் எழுப்பிய ரெசிடென்சி மாளிகை 1949ஆம் ஆண்டில் மகளிர் கல்லூரி ஆயிற்று. அந்தப்புரமும் அதிகாரமும் போய், மாணவியர் ஏடேந்தி நடந்த இடமாயிற்று. பிற்காலத்தில் அதுவும் சிதைந்தது. ஆயினும் அண்மை ஆண்டுகளில் அது செப்பனிடப் பெற்றதற்கு, நகர மக்கள் அதனைத் தம்முடையதாகக் கருதியதும் ஒரு காரணம் எனலாம்.

காப்பது என்று எடுத்த முடிவு தவறெனில் நாளை திருத்தலாம். இடிப்பது என்று எடுத்த முடிவைத் திருத்த வழியில்லை. ஆதலின், காரணம் காட்டும் பொறுப்பு இடிக்க விரும்புவோரையே சாரும். ஆனால், காப்போருக்கும் ஒரு கடமை உண்டு. நீதிமன்றத்தின் ஆணை கடப்பாரையைத் தடுக்கும், மழையைத் தடுக்காது. காப்போம் என்று கூறிவிட்டுக் கூரையைக் கவனியாது விடுவதும் ஒருவகை இடிப்பே. மெல்ல நடக்கும் இடிப்பு.

நேயர்களே, உங்கள் ஊரிலும் பாட்டன் கட்டிய வீடொன்று இருக்கக்கூடும். உடன்பிறந்தார் கூடி அதன் விதியைப் பேசும் நாளில், விலை பேசுவோரை அழைக்குமுன், ஒரு நல்ல கொத்தனாரை அழைத்துக் கூரைமேல் ஏற்றிப் பாருங்கள். அவர் சொல்வதைக் கேட்டபின் முடிவு செய்யுங்கள்.