எங்க நிறுத்தணும்னு தெரியணும்

"ஆஃப்ரோடு ஓட்டணும்னா ஊட்டி, கொடைக்கானலுக்குத்தான் போகணுமா?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. தேவையே இல்ல. செங்கல்பட்டுல கிளம்பி திருக்கழுக்குன்றம் வழியா வந்தா, மாமல்லபுரம் கடற்கரை ஒரு மணி நேரம்தான். அங்கிருந்து சதுரங்கப்பட்டினம் போற வழியில, ஈசிஆர்-ல இருந்து குப்பங்களுக்குப் பிரியிற மண் பாதைகள் இருக்கு.

போன பிப்ரவரியில நானும் நண்பனும் அவனோட ஃபோர் வீல் டிரைவ் வண்டியில அப்படி ஒரு பாதையில இறங்கினோம். ரெண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. சவுக்குத் தோப்புக்குள்ள பிரச்சினையே இல்ல. சருகு விழுந்து மண்ணு இறுகியிருக்கும். தோப்பு முடியிற இடத்துலதான் சர்க்கரை மாதிரி உதிரி மணல். டயர்ல காத்தைக் குறைக்காம, 32 பிஎஸ்ஐயோட அப்படியே விட்டேன். சக்கரம் சுத்துச்சு. ஆக்ஸிலரேட்டரை இன்னும் மிதிச்சேன். வண்டி அச்சு வரைக்கும் புதைஞ்சிடுச்சு.

மணல்ல மூணு விஷயம் முக்கியம். ஒண்ணு, காத்தை 18 பிஎஸ்ஐ வரைக்கும் குறைங்க. டயர் நீளமாப் படியும், எடை பரவும். ரோட்டுக்கு ஏறினதும் மறக்காம நிரப்பிடுங்க. ரெண்டு, சீரான வேகத்துல போங்க; சட்டுனு பிரேக் போடாதீங்க, ஸ்டியரிங்கை ஒடிக்காதீங்க. மூணு, சக்கரம் வெறுமனே சுத்தினா உடனே காலை எடுங்க. டயர் முன்னாடியும் பின்னாடியும் மணலை அள்ளிட்டு, வந்த தடத்துலயே ரிவர்ஸ் எடுங்க.

அரை மணி நேரம் கையாலயே அள்ளி வெளிய வந்தோம். உடனே நண்பன், "கடலோரமா ஓட்டலாம்டா, ஈர மணல் கெட்டியா இருக்கும்"னான். அங்க வலை பிரிச்சிட்டிருந்த பெரியவர் எழுந்து வந்தார். "தம்பி, அந்தாண்ட வண்டிய எடுத்துனு போவாதீங்க. ஆமை முட்டை வெச்சிருக்கிற நேரம்"னார்.

அவர் சொன்னது பங்குனி ஆமையை, அதாவது ஆலிவ் ரிட்லி. ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் நம்ம கரையில முட்டையிடும். அலை எட்டாத மேட்டு மணல்ல, ஒன்றரை அடி ஆழத்துல, நூறு முட்டை போல. குஞ்சு பொரிக்க ஒன்றரை, ரெண்டு மாசம் ஆகும். மேல இருந்து பார்த்தா எதுவும் தெரியாது. ஈர மணலுக்குப் போகணும்னா அந்த மேட்டைத் தாண்டித்தான் போகணும். டயர் ஏறினா மணல் இறுகும், குஞ்சு மேல வர முடியாது. தப்பி வந்தாலும் டயர் தடம் அதுக்குப் பள்ளத்தாக்கு மாதிரி. கடலை எட்டுறதுக்குள்ள நண்டும் காக்காவும் முந்திக்கும்.

சென்னையில 1988-ல இருந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு ராத்திரி ராத்திரி கரையில நடந்து, இந்த முட்டைகளைத் தேடி எடுத்துப் பாதுகாக்குறாங்க. அவங்க நடந்து தேடுறதை நான் வண்டியில நசுக்கப் பார்த்திருக்கேன்.

வண்டியைத் தோப்போரமா நிறுத்திட்டு, கடல் வரைக்கும் நடந்தே போனோம். நீங்களும் போங்க, நல்லா ஓட்டுங்க. ஆனா தோப்பு முடியிற இடத்துல சாவியை எடுத்துடுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்!