படிக்கும் பெண்ணுக்கு எந்த நூல்?

(ஊராட்சிப் பணியில் ஈடுபட்டோரும் உழவர் பெருமக்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றிப் பேசவே பொழுது போதாத இக்கூட்டத்தில் நூல்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சென்ற கோடையில் குன்னம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நாம் கண்டதே அதற்குக் காரணமாகும். மக்காச்சோளமும் பருத்தியும் பயிரிடும் ஓர் உழவர் தம் மகளை அழைத்து வந்து நம் முன் நிறுத்தினார். பதினைந்து வயது, பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்தாள். "ஐயா, மளிகை கட்டி வந்த தாளைக்கூட இவள் விடுவதில்லை, படித்துவிட்டுத்தான் எறிகிறாள். எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார். உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. உண்மையைச் சொன்னால், சற்று வெட்கமாகவே இருந்தது.

நூலுக்காக ஏங்கிய பிள்ளையை இவ்வட்டாரம் முன்பே கண்டிருக்கிறது. தமிழ்த் தாத்தா என்று நாம் போற்றும் உ. வே. சாமிநாதையர் (1855–1942) தம் இளமையின் ஒரு பகுதியை அரியலூரிலும் குன்னத்திலும் கழித்தவர். அரியலூரில் சடகோப ஐயங்காரிடம் தமிழ்ச் சுவையை அறிந்தார். பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை பாடங் கேட்டார். ஆசிரியர் இருக்குமிடம் தேடித் தந்தை குடும்பத்தோடு ஊர் மாறினார். அந்தப் பிள்ளைதான் பின்னாளில் சீவக சிந்தாமணியையும் (1887) புறநானூற்றையும் (1894) அச்சேற்றியவர். அவருடைய 'என் சரித்திர'த்தைப் படிப்போர் நம் ஊர்ப் பெயர்களை அதில் காணலாம்.

ஆயினும் அவர் ஆண்பிள்ளை. ஊர் விட்டு ஊர் சென்றார். பெண்ணுக்கு அவ்வழி திறந்திருக்கவில்லை. வை. மு. கோதைநாயகி அம்மாளுக்கு (1901–1960) ஐந்து வயதுக்குமேல் சில மாதங்களே ஆகியிருந்தபோது திருமணம் நடந்தது. பள்ளிக்கூடம் சென்றவரல்லர். முதல் நாடகத்தை இயற்றியபோது எழுதப் பழகாமையால், அவர் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதினார். பிற்காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதி, 'ஜகன்மோகினி' என்னும் இதழையும் நடத்தினார். புகுந்த வீட்டார் ஆதரித்தமையால் அது நடந்தது. ஆதரிக்காத வீடுகளில் எத்தனை கோதைநாயகிகள் அடுப்படியோடு நின்றனரோ!

இனி, அந்த ஊரின் நூலகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2006ஆம் ஆண்டு தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊராட்சிதோறும் நூலகம் அமைக்கப்பட்டமை உங்களுக்குத் தெரியும். அவ்வூரிலும் கட்டிடம் உண்டு. சாவி யாரிடம் இருக்கிறது என்பதை அறியவே ஒரு முற்பகல் கழிந்தது. கதவைத் திறந்தபோது எலி கடித்த தாள்களும் கட்டுப் பிரிக்கப்படாத நூல்களும் கிடந்தன. தேர்வு வழிகாட்டிகள், கனத்த வாழ்க்கை வரலாறுகள், நீர்ப்பாசனத்தைப் பற்றிய ஒரே நூலின் நான்கு படிகள். அடியில் தூசு மூடி 'பொன்னியின் செல்வன்' முதற் பாகம் இருந்தது. அந்தப் பெண் அதை எடுத்து முந்தானையால் துடைத்தாள். மற்ற நான்கு பாகங்களைத் தேடினோம், இல்லை.

நல்ல நூல் எது? அறிவுரை மலிந்த நூலே நல்ல நூல் என்னும் கருத்து நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. நாம் அதற்கு உடன்படவில்லை. பக்கத்துக்குப் பக்கம் 'அடக்கமாக இரு' என்று கூறும் நூலைப் பதினைந்து வயதுப் பெண் இரண்டாம் பக்கத்திலேயே மூடிவிடுவாள், மூடுவதே நியாயம். உலகத்தை உள்ளபடி காட்டி, மனிதரிடம் வெறுப்பை வளர்க்காமல், படித்து முடித்த பின்னும் சில நாள் உள்ளத்தில் நிற்பது எதுவோ அதுவே நல்ல நூல் என்போம். துன்பத்தைப் பற்றி எழுதியிருப்பதாலேயே ஒரு நூல் தீயதாகிவிடாது. பெண்ணுடலை விலைப்பொருளாகக் காட்டும் எழுத்தும், பெண்ணை அடிப்பதை வீரமாகக் காட்டும் எழுத்தும் விலக்கத்தக்கவை. அவற்றைக்கூடப் பிடுங்கி எறிவதைவிட, அருகில் அமர்ந்து ஏன் ஒவ்வாது என்று பேசுவதே பயன் தரும். பிடுங்கப்பட்ட நூல் வேறு வழியில் வந்துவிடும்; இந்நாளில் கைப்பேசி வழியாகவே வந்துவிடும்.

கல்கியிலிருந்து தொடங்கலாம். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த கதை. அதில் வரும் பழுவேட்டரையர்களின் பழுவூர், அரியலூரிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் சாலையில் நாம் பேருந்தில் கடந்து போகும் கீழப்பழுவூர், மேலப்பழுவூர்ப் பகுதிதான். அதை முடித்தவளுக்கு அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' காத்திருக்கிறது. 1963இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற அந்நாவல் இராசேந்திர சோழனைப் பற்றியது. அவன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம் ஜெயங்கொண்டத்துக்கு அருகில் நிற்கிறது. படித்த பின் பெண்ணை ஒருநாள் அங்கே அழைத்துச் செல்லுங்கள். பேருந்துக் கட்டணத்துக்கு மேல் பெருஞ் செலவில்லை.

அரசர் கதைகளோடு நின்றுவிடக் கூடாது. இராஜம் கிருஷ்ணன் (1925–2014) பதினைந்து வயதில் மணமானவர்; நீடித்த பள்ளிப் படிப்பு இல்லாதவர். எழுத வேண்டிய களத்துக்கு நேரில் சென்று, மக்களோடு பழகி எழுதினார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றிய 'கரிப்பு மணிகள்', தஞ்சை வயற்காட்டு மக்களைப் பற்றிய 'சேற்றில் மனிதர்கள்' ஆகியவற்றை உழவர் வீட்டுப் பெண் தன் கதையாகவே படிப்பாள். இவை சற்று முதிர்ந்த நூல்கள். பதினாறு வயதுக்குமேல் கொடுக்கலாம். அவருடைய எழுத்துகளும் கல்கியின் எழுத்துகளும் அரசுடைமை ஆக்கப்பட்டவை. ஆதலால் பல பதிப்பகங்கள் அவற்றை வெளியிடுகின்றன. மலிவுப் பதிப்புகளும் உண்டு.

பிறநாட்டு நூல்களில் ஜப்பானியப் பெண்மணி தெத்சுகோ குரோயானகி எழுதிய 'டோட்டோ-சான்' மிக இனியது. ஒரு பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட சிறுமியை மற்றொரு பள்ளியின் தலைமையாசிரியர் அன்போடு ஏற்றுக்கொண்ட உண்மைக் கதை அது. 1957இல் நிறுவப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட் அதனைத் தமிழில் வெளியிட்டுள்ளது, விலையும் மிகுதியன்று. பெற்றோரும் படிக்க வேண்டிய நூல் என்பது நம் எண்ணம்.

விஞ்ஞானத்தில் நாட்டமுள்ள பெண்ணுக்குப் பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைக் காட்டுங்கள், பத்துத் தொகுதிகள். செய்திகள் பழையன, நடை இன்றும் தெளிவானது. அதைப் படித்தவள் சாத்தனூரில் கல்லாய்க் கிடக்கும் மரத்தைச் சும்மா பார்த்துவிட்டு வரமாட்டாள். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்குக் கடல் இருந்ததென்று, உடன் வந்தவர்களுக்கு அவளே விளக்குவாள்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம், விடுதலைக்குப் பின் இந்நாட்டில் நூலகத்துக்கென இயற்றப்பட்ட முதற் சட்டம். அதன்படி நீங்கள் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்கிறது. நூல் கேட்பது இரவல் கேட்பதன்று, உரிமையைக் கேட்பதாகும். சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக விதிகளுள் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது. அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். வண்டி மாடு வைத்திருந்தவர்கள் அன்று செய்ததை, டிராக்டர் வைத்திருக்கும் நாம் செய்ய இயலாதா?

நூல் இருந்தாலும் பெண் அங்கே போக முடிய வேண்டுமே! மாலையில் நூலகத் திண்ணையில் நாளிதழ் பார்க்கும் ஆண்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால், எந்தத் தாய் மகளை அனுப்புவாள்? அந்த ஊர்த் தாய்மார்கள் இதைத்தான் முதலிற் சொன்னார்கள். நமக்கு அது தோன்றவேயில்லை. அவர்கள் சொன்னபடி சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் முற்பகல் 10 மணி முதல் 12 மணி வரை பெண்களுக்கென ஒதுக்கப்பட்டது. மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த ஒருவரிடம் சாவி ஒப்படைக்கப்பட்டது. வேண்டும் நூல்களின் பெயரை எழுத ஒரு குறிப்பேடும் வைத்தார்கள். நாளிதழ் படிப்போர் முதல் வாரம் முணுமுணுத்தார்கள். பிறகு வேப்பமரத்தடிக்கு இடம் மாறினார்கள்.

சென்ற மாதம் மறுபடியும் அங்கே சென்றோம். குறிப்பேட்டில் பதினேழு பெயர்கள் இருந்தன. முதல் வரியில் 'பொன்னியின் செல்வன்', இரண்டாம் பாகம் முதல் ஐந்தாம் பாகம் வரை என்று எழுதியிருந்தது. கீழே வேறொரு கையெழுத்தில், "எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும், பெரிய எழுத்துப் புத்தகம் வேண்டும்" என்றிருந்தது. அது அவளுடைய தாய் எழுதியது. நான்கு பாகங்களையும் பெரிய எழுத்து நூல்கள் சிலவற்றையும் வாங்கி வைத்திருக்கிறோம். வரும் சனிக்கிழமை கொண்டு போகிறோம். உங்களுள் அந்தப் பக்கம் செல்வோர் இருந்தால் எம்முடன் வரலாம்.