எள் விழாத கூட்டமும் எண்ணிக்கையும்

கூட்டத்தின் பெருமையைச் சொல்ல நம் மொழியில் சொற்களுக்குக் குறைவில்லை. 'எள் போட்டால் எள் விழாத கூட்டம்' என்கிறோம். அது கண்ட காட்சிக்கு உரிய சொல், கணக்குக்கு உரியதன்று. மொழிபெயர்ப்பை அலுவலாகக் கொண்ட நாம் இதனை நாள்தோறும் உணர்கிறோம். 'இலட்சக்கணக்கானோர்' என்பது இரண்டு இலட்சத்துக்கும் பொருந்தும். இருபது இலட்சத்துக்கும் பொருந்தும். வெளிமாநிலங்களில் வாழும் நமக்கோ, பிறந்த மண்ணின் கிளர்ச்சிகள் பெரும்பாலும் இத்தகைய சொற்களின் வழியாகவே வந்து சேர்கின்றன. ஆதலின் கூட்டத்தை அளக்கும் முறையைச் சிறிது அறிந்துகொள்வது நன்று.

1960களில் அமெரிக்காவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் எளிய வழியொன்றைக் கண்டார். மாணவர்கள் கூடிய முற்றத்தின் தளத்தில் கட்டங்கள் இருந்தன. ஒரு கட்டத்தில் நிற்பவர் எத்தனை பேர் என எண்ணி, அதனைக் கட்டங்களின் தொகையால் பெருக்கினார். தளர்ந்த கூட்டத்தில் ஒருவருக்குப் பத்துச் சதுர அடி. நெருங்கிய கூட்டத்தில் நாலரைச் சதுர அடி என்பது அவர் கண்ட அளவு. 300 அடி நீளமும் 200 அடி அகலமும் உள்ள திடலில், முதற்கணக்கின்படி 6,000 பேர் நிற்பர். இரண்டாவதன்படி 13,000 பேருக்குச் சற்று மேல். திடல் ஒன்றே, நெருக்கம் மாறினால் தொகை இரட்டிப்புக்கும் மேலாகிறது.

இம்முறையை நம் அண்டை மாநில நிகழ்ச்சி ஒன்றில் பொருத்திப் பார்ப்போம். 2019 சனவரி முதல் நாள், காசர்கோடு முதல் திருவனந்தபுரம் வரை ஏறத்தாழ 620 கிலோமீட்டர் தொலைவுக்குக் கேரளப் பெண்கள் 'வனிதா மதில்' அமைத்தனர். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் ஆனைக்கரை என்ற ஒரே பெயரில் ஊர்கள் உண்டு. மதில் செல்லாத இடுக்கி மாவட்டத்துப் பெண்கள் வேற்று மாவட்டத்துக்குச் சென்று நின்றனர். அத்தகையோரைப் புறப்பட்ட ஊரும் நின்ற ஊரும் தத்தம் கணக்கில் சேர்த்தால், ஒருவரே இருவராவார்.

கலந்துகொண்டோர் 50 இலட்சம் வரை என்று கூறப்பட்டது. ஒருவருக்கு அரை மீட்டர் எனத் தோளோடு தோள் நின்றாலும், ஒற்றை வரிசைக்கு 12 இலட்சத்து 40 ஆயிரம் பேரே கொள்வர். 50 இலட்சமாயின், தொடக்கம் முதல் இறுதி வரை நான்கு வரிசைகள் இடைவெளியின்றி நின்றிருக்க வேண்டும். நின்றனவா என்று கேட்பது மதிலைப் பழிப்பதன்று. பன்னிரண்டு இலட்சமே எளிய தொகையன்று.

எண்ணுவோர் யார் என்பதும் முக்கியம். 1995 அக்டோபரில் வாஷிங்டனில் கறுப்பின ஆடவர் நடத்திய பெரும் பேரணிக்கு 4 இலட்சம் பேர் வந்தனர் என்றது அரசின் பூங்காத்துறை. பத்து இலட்சத்துக்கு மேல் என்றனர் அமைப்பாளர். வானிலிருந்து எடுத்த படங்களை ஆராய்ந்த பாஸ்டன் பல்கலைக்கழகத்தார், 8 இலட்சத்து 37 ஆயிரம் என்றும், இதில் ஐந்தில் ஒரு பங்கு கூடவோ குறையவோ இருக்கலாம் என்றும் கூறினர். பூசலின் விளைவாக, மறு ஆண்டு பூங்காத்துறையின் எண்ணும் பணிக்கே பணம் மறுக்கப்பட்டது. எண்ணியவருள் தம் பிழையின் எல்லையையும் உடன் சொன்னவர் பல்கலைக்கழகத்தாரே.

தொகை சிறிதாயின் கிளர்ச்சி சிறிதாகிவிடுமோ? 2015 செப்டம்பரில் மூணாற்றில் தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழர், 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் ஒன்பது நாள் சாலையில் அமர்ந்தனர். ஏறத்தாழ 6,000 பேர் என்றன செய்திகள். மேலே கண்ட ஒரு திடலுக்குள் அடங்கும் தொகை அது. போனசும் கருணைத்தொகையுமாக 20 விழுக்காடு பெற்றே அவர்கள் எழுந்தனர். அவர்களை இலட்சமாக்கியிருந்தால், கேட்டவர் ஐயுற்றிருப்பர். உண்மையான ஆறாயிரமும் அந்த ஐயத்தில் மறைந்திருக்கும்.

ஆகவே அன்பர்களே, பெருந்தொகை ஒன்று காதில் விழும்போது, இடம் எவ்வளவு, நெருக்கம் எவ்வளவு, எண்ணியவர் யார் என்னும் மூன்று வினாக்களையும் எழுப்புவோம். நாம் விரும்பும் கிளர்ச்சியாயினும், விரும்பாத கிளர்ச்சியாயினும், வினா ஒன்றாகவே இருக்கட்டும்.