வீடு விட்டு ஒரு குளிர்காலம்



ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டாத மாணவன் உண்டா? இங்கிலாந்தில் சில பையன்களுக்கு அந்த வசதியும் இல்லை. 2004 தொடக்கத்தில், ராட் எல்லிங்வொர்த் என்ற பயிற்சியாளர் பதினெட்டு வயதையொட்டிய சைக்கிள் வீரர்களை மான்செஸ்டருக்கு வரவழைத்தார். வாசம் வாடகை வீட்டில். வெளியே குளிரும் மழையும். உள்ளரங்கில் 250 மீட்டர் மரத்தடம். சமையல், துணி துவைப்பு, சைக்கிள் கழுவுவது எல்லாம் அவங்கவங்க வேலை. நடுவில் பிரெஞ்சு வகுப்பு வேறு!

நான்கு கிலோமீட்டர் குழுப் பந்தயத்தில் நால்வர் 16 சுற்று ஓட்டுவார்கள். முன்னே போகிறவர் எதிர்காற்றைத் தாங்குவார். பின்னால் வருகிறவர்களுக்குச் சக்தி மிச்சம். முறை முடிந்ததும் விலகிப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ள வேண்டும். சக்கரங்களுக்கிடையே சாண் இடைவெளிகூட இராது, பிரேக்கும் கிடையாது. பக்கத்து ஆளை நம்பணும். அந்த நம்பிக்கையில் பாதி, சேர்ந்து பாத்திரம் தேய்த்த சமையலறையில் வந்தது என்பது என் எண்ணம்.

அவர்களில் எட் கிளான்சி 2008, 2012, 2016 ஒலிம்பிக்கில் இந்தப் பந்தயத்தில் தங்கம் வென்றார். மார்க் கேவண்டிஷ் 2024இல் டூர் டி பிரான்ஸில் 35ஆவது கட்டத்தை வென்று, எடி மெர்க்ஸின் 34ஐத் தாண்டினார். பேர் வாங்காமலே நின்றவர்களும் உண்டு. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் இவர்களுக்கு முன்னால் காற்றைத் தாங்கியவர்கள் அவர்களும்தான்.

வீட்டு ஞாபகம் வாட்டும் ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து அறைக் கதவைத் தட்டுங்கள். உள்ளே இருப்பவருக்கும் அதே ஞாபகம்தான்.