காட்டாற்றங்கரையில் ஓர் இரவு

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் தோட்டங்களில் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "இந்தத் தடவை எங்கே போகிறோம்?" என்பதுதான். கடற்கரைக்குப் போகலாம், அதை விட்டால் மலைநீர் ஓடும் வனப் பூங்காவுக்குப் போகலாம். இன்று நாம் வனப் பூங்காவுக்கே போய் வருவோம்.

சிரம்பானிலிருந்து கோலப்பிலா செல்லும் சாலையில் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் போனால் உலு பெண்டூல் வருகிறது. 825 மீட்டர் உயரமுள்ள அங்சி மலையின் அடிவாரம் அது. பாறைகளுக்கிடையே தெளிந்த நீர் ஓடுகிறது. கூடாரம் அடித்துத் தங்க இடமும் உண்டு. மலையேற விரும்புவோர் வன இலாகாவிடம் முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும்.

"மரங்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவர்கள் நாம். நமக்குக் காடு என்ன புதிதா?" என்று சிலர் கேட்கலாம். புதிதுதான். தோட்டத்தில் ரப்பரும் செம்பனையும் வரிசை பிடித்து நிற்கின்றன. சரிவான இடங்களில் படிபடியாக மண்ணை வெட்டிவிட்டிருக்கிறோம். மழைநீர் எந்த வழியாக ஓடவேண்டும் என்பதையும் வாய்க்கால் வெட்டி நாமே முடிவு செய்திருக்கிறோம். காட்டில் நீர் தன் வழியைத் தானே தேடிக்கொள்கிறது. நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயர்' என்று ஒன்றைச் சொல்வார்கள். நீரின் தலை என்று பொருள். மலையுச்சியில் கனமழை கொட்டும். அடிவாரத்திலோ வெயில் அடித்துக்கொண்டிருக்கும். பிள்ளைகள் முழங்கால் அளவு நீரில் விளையாடிக் கொண்டிருப்பார்கள். உச்சியில் பெய்த மழை பல ஓடைகள் வழியாக ஒரே பள்ளத்தில் சேர்ந்து, மரக்கட்டைகளையும் கற்களையும் உருட்டிக்கொண்டு சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். 2021 ஆகஸ்டு 18ஆம் நாள் கெடாவில் ஜெராய் மலையிலிருந்து இப்படி இறங்கிய வெள்ளத்தில் யான் வட்டாரத்தில் ஆறு பேர் மாண்டனர்.

இதற்கு அறிகுறிகள் உண்டு. கண்ணாடிபோல் இருந்த நீர் திடீரென்று கலங்கும். இலைகளும் சுள்ளிகளும் கூட்டமாக மிதந்து வரும். சற்று முன் வெளியே தெரிந்த கல் இப்போது முழுகியிருக்கும். மேலேயிருந்து லாரி வருவதுபோல் ஓர் இரைச்சல் கேட்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் போதும், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். சட்டியும் பாயும் போனால் போகட்டும். எந்தக் கரையில் நிற்கிறோமோ அந்தக் கரையிலேயே ஏறவேண்டும். அக்கரையில் இருக்கும் பையை எடுக்க ஆற்றைக் கடக்கக்கூடாது. பெரியவர்களில் ஒருவர் குளிக்காமல் கரையில் அமர்ந்து, நீரையும் மலையுச்சியின் மேகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது. பெரும்பாலும் பிற்பகலில்தான் இடிமழை என்பதால், குளியலைக் காலையிலேயே முடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது, கூடாரம் அடிக்கும் இடம். ஆற்றோரத்து மணல்திட்டு மெத்தைபோல் இருக்கும். ஆனால் அந்த மணலைக் கொண்டுவந்து போட்டதே வெள்ளம்தான். செங்குத்தான சரிவின் அடியும் வேண்டாம். 2022 டிசம்பர் 16 அதிகாலை, பத்தாங்காலிக்கு அருகே ஒரு முகாம் இடத்தில் எல்லாரும் உறங்கிக்கொண்டிருந்தபோது சரிவு இடிந்து விழுந்து 31 பேர் உயிரிழந்தனர்; அவர்களில் பலர் குழந்தைகள். பல நாள் மழையில் மண் ஊறியிருந்தது. ஆகவே மழை ஓயாத வாரத்தில் பயணத்தைத் தள்ளிப்போடுவதே மேல், பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் சரி. காய்ந்த கிளை தொங்கும் மரத்தடியையும் தவிர்க்கவேண்டும். டுரியான் மரத்தடியில் படுக்கலாமா என்று தோட்டத்துப் பிள்ளையிடம் கேட்கவே தேவையில்லை.

நம் வீட்டுப் பெண்கள் ஓரிரவுக்குப் போனாலும் குசினியையே கட்டித் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதில் நமக்கு வருத்தமில்லை. காட்டில் சாப்பிடும் கோழிக்கறிக்குத் தனி ருசி உண்டு. ஆனால் மிச்சச் சோற்றை ஆற்றோரம் கொட்டினால் குரங்கு வரும், இரவில் எலி வரும். எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் காலிலுள்ள புண் வழியே எலிக்காய்ச்சலை உண்டாக்கும். செம்பனைத் தோட்டத்தில் எலிக்குக் குறைவில்லாததால் நமக்கு இது தெரியாத நோயல்ல. குப்பையைப் பையில் கட்டித் திரும்ப எடுத்து வாருங்கள். காலில் புண்ணிருப்பவர்கள் ஆற்றில் இறங்காமல் இருப்பது நல்லது.

அட்டை கடித்தால் பயம் வேண்டாம், புண்ணைக் கழுவி மருந்து போட்டால் போதும். காய்ச்சல்தான் கவனிக்க வேண்டியது. வீடு திரும்பி ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால், தோட்டத்துக் கிளினிக்கில் மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிடாமல், "காட்டாற்றில் குளித்தோம்" என்று டாக்டரிடம் நாமாகவே சொல்லவேண்டும். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.