பழைய கம்பைலரும் புதிய கம்ப்யூட்டரும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"படிக்கிற பிள்ளைகளுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது பேசுங்க" என்று சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே நம்மில் கம்ப்யூட்டர் பாடம் படித்த பலருக்கும் பழக்கமான ஒன்றைப் பற்றியே பேசுகிறேன். நீலத் திரை, மஞ்சள் எழுத்து என்றாலே கண்டுபிடித்துவிடுவீர்கள். டர்போ சி தான்.

போர்லண்ட் நிறுவனம் 1987-ல் டர்போ சி-யை வெளியிட்டது. 1990-களின் தொடக்கத்தில் வந்த டர்போ சி++ 3.0 நம் நாட்டுக் கல்லூரி ஆய்வகங்கள் பலவற்றில் நிலைத்துவிட்டது. புரோகிராம் எழுத, பிழை பார்க்க, ஓட்டிப் பார்க்க எல்லாவற்றுக்கும் ஒரே திரை. உதவி வேண்டுமென்றால் எஃப் 1. புதிதாகக் கற்பவருக்கு அது பெரிய வசதிதான். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை.

ஆனால் அது 16 பிட் டாஸ் காலத்து மென்பொருள். 64 பிட் விண்டோஸ் 16 பிட் புரோகிராம்களை ஏற்பதில்லை. 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. ஆகவே இன்றைய மடிக்கணினியில் டர்போ சி நேரடியாக ஓடாது.

அதற்கு வழி டாஸ்பாக்ஸ். 2002-ல் வெளிவந்த இலவச மென்பொருள். பழைய பி.சி.யின் பிராசசர், நினைவகம், திரை அத்தனையையும் மென்பொருளாலேயே நடித்துக் காட்டும். நம்ம ஊர் 2019 வரை திருநெல்வேலி மாவட்டம், இப்போது தென்காசி மாவட்டம். பழைய முகவரி எழுதி வருகிற கடிதத்தையும் விவரம் தெரிந்த தபால்காரர் கொண்டுவந்து சேர்க்கிறார் அல்லவா? டாஸ்பாக்ஸ் செய்வதும் அந்த வேலைதான். மவுண்ட் கட்டளையால் டர்போ சி இருக்கும் ஃபோல்டரை சி டிரைவ் ஆக்கிக்கொண்டால் போதும்.

ஒரு எச்சரிக்கை. டர்போ சி-யில் புரோகிராமை ஓட்ட கன்ட்ரோல் எஃப் 9. டாஸ்பாக்ஸிலோ அதே விசைகள் டாஸ்பாக்ஸையே மூடிவிடும்! சேமிக்காமல் அழுத்தினால் எழுதியதெல்லாம் போச்சு. முதலில் எஃப் 2 அழுத்திச் சேமியுங்கள். பிறகு ஆல்ட் ஆர், என்டர் என்று மெனு வழியாக ஓட்டுங்கள்.

இவ்வளவு பாடுபட்டு ஓட்டலாம் சரி, அதிலேயே படிப்பை முடித்துக்கொள்ளலாமா? இங்கேதான் தம்பி தங்கைகள் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

வேலைக்கான ஆன்லைன் தேர்வு எழுதிவிட்டு வருகிற பிள்ளைகள் சிலர் என்னிடம் சொல்வது இது: "அண்ணே, காலேஜ்ல ஓடுன அதே புரோகிராம்தான். அங்க ஒரே எரரா வருது." அங்கே இருப்பது பெரும்பாலும் லினக்ஸும் ஜி.சி.சி. கம்பைலரும். கோனியோ, கிளியர் ஸ்கிரீன் எல்லாம் டாஸ் கம்பைலர்கள் தந்த சலுகைகள். சி மொழியின் தர நிர்ணயத்தில் அவை இல்லை. சி++ மொழிக்கு 1998-ல்தான் சர்வதேசத் தரம் வந்தது. அதற்கு முந்தைய டர்போ சி++ அறிந்த ஐஓஸ்ட்ரீம்.எச் என்ற பெயரை இன்றைய ஜி.சி.சி. அறியாது. மொழி எது, கருவி எது என்று பிரித்துச் சொல்லித்தராததால், விடை தெரிந்த பிள்ளை தேர்வில் தோற்கிறது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வந்து படிக்கும் பிள்ளைக்கு இது சின்ன இழப்பல்ல.

எரர் வந்தாலாவது தெரிந்துவிடும். வராமலே விடை மாறுவதும் உண்டு. ஃபேக்டோரியல் புரோகிராமை எடுத்துக்கொள்ளுங்கள். 8-க்கு விடை 40320. டர்போ சி-யில் இன்ட் என்று அறிவித்துக் கணக்கிட்டால் -25216 என்று காட்டும். அதில் இன்ட் 16 பிட். 32767-க்கு மேல் கொள்ளாது. ஜி.சி.சி.யில் இன்ட் பொதுவாக 32 பிட் என்பதால் சரியான விடை வரும். ஆனால் அங்கேயும் 13 கொடுத்துப் பாருங்கள். 6227020800 வர வேண்டிய இடத்தில் 1932053504 என்று வரும். மைனஸ் குறிகூட இல்லாததால் தப்பு என்று சந்தேகமே வராது. மரக்கால் பெரிதானாலும் அதற்கும் ஒரு விளிம்பு உண்டு. இரண்டு கம்பைலரிலும் ஓட்டிப் பார்த்த பிள்ளைக்கு இது மறக்காது.

பழையதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். டாஸ்பாக்ஸுக்குள் பி800 என்ற முகவரியில் நேரடியாக ஒரு எழுத்தை எழுதினால் அது திரையில் தோன்றும். பாயின்டர் என்றால் என்ன என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். இன்றைய இயங்குதளம் சாதாரண புரோகிராமை அந்த இடத்தில் கைவைக்க விடாது. பழைய கம்பைலர் இயந்திரத்தை அறிய உதவட்டும். சி மொழியைப் புதிய கம்பைலரில் படியுங்கள்.

இன்னொரு செய்தி. ஜி.சி.சி.யின் முதல் பதிப்பை ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்டதும் அதே 1987-ல்தான். இரண்டும் ஒரே பேட்ச்! ஒன்று டாஸோடு நின்றுவிட்டது. மற்றொன்று உலகெங்கும் உள்ளவர்கள் கை சேர்த்ததால் ஆண்டுதோறும் புதுப்பதிப்பு கண்டு வருகிறது. அதற்குக் காசும் கிடையாது.

தம்பி தங்கைகளே, ஆய்வகத்தில் எழுதும் ஒவ்வொரு புரோகிராமையும் வீட்டிலோ நண்பரிடமோ ஜி.சி.சி.யில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வாய்ட் மெயின் என்று எழுதும் கை இன்ட் மெயின் என்று எழுதப் பழகட்டும். எச்சரிக்கைச் செய்தி வந்தால் தள்ளிவிடாமல் படியுங்கள்.

முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அலமாரியில் தூங்குகிற பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள். கூடவே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையோடு ஒரு மணி நேரம் போனில் பேசுங்கள். ஊரைவிட்டு எங்கே இருந்தாலும் இது நம்மால் முடியும்.