வீட்டு விலையும் குடும்பப் பொருளும்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



"வீட்டு விலை ஒருநாளும் இறங்காது" என்னும் வார்த்தை நம்மவர் இல்லங்களில் வேதவாக்காக வழங்கி வருகின்றது. அதனை நம்பிப் பெண்மக்களின் நகைகளை ஈடுவைத்தும், பெருங்கடன் பட்டும் வீடு வாங்குவோர் பலர். அவ்வார்த்தையின் உண்மையை ஒரு தெருவின் சரித்திரங்கொண்டு ஆராய்வோம்.

ஹாலந்து தேசத்து ஆம்ஸ்டர்டாம் நகரில் ஹேரன்கிராக்ட் என்றொரு கால்வாய் உண்டு. அதன் இருகரைகளிலும் வர்த்தகப் பிரபுக்கள் மாளிகை கட்டி வாழ்ந்தனர். பீட் ஐக்ஹோல்ட்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் அவ்வீடுகளின் 1628 முதல் 1973 வரையுள்ள கிரயங்களைத் திரட்டி, 1997-ல் தம் முடிவை வெளியிட்டார். அவர் ஒரு வீட்டை மற்றொரு வீட்டோடு ஒப்பிடவில்லை; அதே வீடு முன் விற்ற விலையையும் பின் விற்ற விலையையுமே ஒப்பிட்டார். பெரிது, சிறிது என்னும் பேதத்தால் கணக்குப் பிழைபடாதிருக்க இதுவே நல்வழி.

கண்டது யாது? பண்டங்களின் விலையேற்றத்தைக் கழித்துப் பார்க்குமிடத்து, 345 ஆண்டுகளில் வீட்டின் மெய்விலை ஏறக்குறைய இருமடங்கே ஆயிற்று. வருஷமொன்றுக்கு நூற்றுக்குக் கால் ரூபாயும் இல்லை! இடையே ஏற்றமும் இறக்கமும் பலமுறை நேர்ந்தன. 1810-ல் நெப்போலியன் அத்தேசத்தைத் தன் சாம்ராஜ்யத்தோடு சேர்த்துக்கொண்ட காலத்தையொட்டி வர்த்தகம் குன்றியது. வீட்டு விலையும் வெகுவாகச் சரிந்தது.

"அது அயல்நாட்டுக் கதை, நம் நகரங்களோ வளர்கின்றன" என்பீர்கள். மெய்யே. ஆயினும் கணக்கு எங்கும் ஒன்றுதான். 10 லக்ஷத்திற்கு வாங்கிய வீடு 10 ஆண்டில் 20 லக்ஷம் ஆயிற்றென்று வைத்துக்கொள்வோம். வட்டிக்கு வட்டியாகப் பார்த்தால் அது வருஷத்திற்கு நூற்றுக்கு 7-க்குச் சற்றே மேல். முழுத்தொகைக்கும் 9 வட்டி கொடுத்தவருக்கு லாபம் எங்கே? குடியிருந்தவருக்கு வாடகையாவது மிச்சம். பூட்டி வைத்தவருக்கு நஷ்டமே.

ஆகையால், அன்பர்களே! குடியிருக்க வீடு வாங்குங்கள். அது குடும்பத்திற்கு அரண். வாங்குமுன் வில்லங்கம் பாருங்கள். அவ்வீடே முன்பு என்ன விலைக்குப் போயிற்றென்று விசாரியுங்கள். பத்திரத்தில் கண்ட தொகை சில வேளை மெய்விலைக்குக் குறைவாயிருக்கும் என்பதையும் மறவாதீர்கள். விலை ஏறுமென்ற ஆசை ஒன்றுக்காக மக்களின் கல்விக்கும் விவாகத்திற்கும் வைத்த பொருளைத் தொடாதீர்கள். இல்லத்துப் பெண்டிரையும் கலந்துகொள்ளுங்கள். ஈடுபோவது பெரும்பாலும் அவர்கள் நகையே.